முதுகுச் சுவரில் இருபத்திரண்டு வாசல்

என் அத்தை மகள் பேச்சியம்மாள் மட்டாஞ்சேரியிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டாள். "மைனி, எங்க காலனியை அளந்து ஒரு பிளான் போட்டுத் தரணும். வியாழக்கெழமை ஆபீசுல விசாரணை. இங்க ஆளில்லாம இல்ல. இங்க உள்ள ஆளு எல்லாம் ஆபீசு பறஞ்சபடிதான் வரையும்" என்றாள்.

நான் பாளையங்கோட்டையில் வீட்டு வரைபடம் போட்டுப் பிழைப்பவள். இருபத்தாறு வருடத் தொழிலில் இல்லாத கதவை வரைந்தாய், இருக்கும் சன்னலை விட்டாய் என்று எந்த அலுவலகமும் என் தாளைத் திருப்பி அனுப்பியதில்லை. இதை நானே நாலு பேரிடம் சொல்லிக்கொள்கிற வழக்கமும் உண்டு. அந்தப் பெருமை அந்த வாரத்தில் என்ன பாடுபட்டது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

கொச்சி வெளிநாடு அல்ல. ஆனால் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்க முடியாத இடம் எனக்கு வெளிநாடுதான். திங்கட்கிழமை எறணாகுளம் படகுத்துறையில் எந்த வரிசை நீளமாக இருந்ததோ அதில் நின்று, எல்லோரும் ஏறிய படகில் ஏறி, எல்லோரும் இறங்கிய இடத்தில் இறங்கினேன். அது மட்டாஞ்சேரி அல்ல, வைப்பின் தீவு. பக்கத்தில் இறால் சட்டியோடு இறங்கிய ஒரு பெண்மணி என் பையையும் முகத்தையும் பார்த்து, "தண்ணீரில் வழி தவறினால் யாரும் தொலைந்துபோவதில்லை, எதிர்க்கரை அதோ தெரிகிறது பார்" என்று மலையாளத்தில் ஆறுதல் சொன்னார். சட்டியை என் கையில் கொடுத்துப் புடவையைச் சரிசெய்துகொண்டு, வண்டிகளை ஏற்றிச் செல்லும் ஜங்காரில் என்னை ஏற்றிவிட்டார். ஒரு மீன் லாரிக்கும் கல்யாணக் காருக்கும் நடுவில் நின்றபடி ஃபோர்ட் கொச்சி போய்ச் சேர்ந்தேன். புடவையில் இறால் வாடை சனிக்கிழமை வரை போகவில்லை.

ஆட்டோக்காரர் காலனியின் பெயரைக் கேட்டதும், "வாசல் பக்கமா, கேட் பக்கமா?" என்றார். வீட்டுக்குப் போகிறவள் வாசலில்தானே இறங்க வேண்டும் என்று வாசல் பக்கம் என்றேன். சுக்கு மணக்கும் கிடங்குகளைத் தாண்டி ஒரு நீளச் சுவரின் முன்னால் இறக்கிவிட்டார். சுவரில் வரிசையாகக் கதவுகள். பச்சை, நீலம், காவி, ஒன்று தகரம். ஒன்றின் முன்னால் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை, ஒன்றின் முன்னால் தையல் மிஷின். மூன்றாம் எண் வீடு எது என்று கேட்டேன். தையல் மிஷின்காரர் ஊசியை நிறுத்தாமல், "பேச்சிச் சேச்சி வீட்டுக்கு இந்தப் பக்கம் வாசல் இல்லை, சுற்றிப் போய் கேட் வழியாகப் போங்கள்" என்றார்.

சுற்றிப் போனேன். கேட் என்பது ஆளுயரத் துவாரம். உள்ளே நுழைந்ததும் முகத்தில் இடிப்பதுபோல் ஒரு மறைப்புச் சுவர். அதில் உடம்பைத் திருப்பி நுழைந்தால் நாலடிச் சந்து. சந்தின் இரு பக்கமும் பதினொன்று, பதினொன்றாக இருபத்திரண்டு வீடுகள், எதிரும் புதிருமாக. பேச்சி வீட்டுக்குள் கால் வைத்தபோது பகல் மூன்று மணிக்கு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இந்தக் காலனியின் கதையை அன்று சாயங்காலம் கப்பைக்கிழங்கும் மத்தி மீன் குழம்பும் தின்றபடி கேட்டேன். சொன்னவர் வேலாயுதன். மாநகராட்சி லாரி ஓட்டுகிறார், காலனி சங்கத்துக்குச் செயலாளர். ராஜா காலத்து நகரசபை ஊர் சுத்தம் செய்யத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தது. என் அத்தையை இங்கே கட்டிக்கொடுத்தது அந்தக் குடும்பங்களில் ஒன்றுக்குத்தான். ஆட்களைச் சும்மா குடிசை போட விடவில்லை. முறையாகத் திட்டம் போட்டு, கிணறு வெட்டி, வண்டிக் கொட்டகை கட்டி, கல் வீடாகவே கொடுத்தது. சங்க அறையில் அந்த மூலப்படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். இறக்கிப் பார்த்தேன்.

வரைந்தவன் தேர்ந்த கைக்காரன். கோடு ஒன்றுகூடப் பிசகவில்லை. வீடுகள் சந்தைப் பார்த்து நிற்க, முதுகு இரண்டும் இரண்டு சாலைகளுக்கு. முதுகுச் சுவரை ஒட்டி, "சாலைப் பக்கம் திறப்பு எதுவும் கூடாது" என்று முத்து முத்தாக ஒரு குறிப்பு. ஊரைக் கூட்டிச் சுத்தம் செய்கிறவர்கள் இருட்டோடு கேட் வழியாகப் போய், கேட் வழியாகத் திரும்பி வர வேண்டும். சாலையில் போகிறவன் கண்ணில் அவர்களுடைய சோறும் படுக்கையும் பிள்ளைகளும் பட்டுவிடக் கூடாது. அதற்குத்தான் அந்த மறைப்புச் சுவர்கூட. தப்பும் தவறுமாக வரைந்திருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது.

"சரி, கதவெல்லாம் எப்படி வந்தது?" என்றேன்.

"செத்துச் செத்து வந்தது அக்கா" என்றார் வேலாயுதன்.

முதலில் இறந்தவரின் பாடையை நாலடிச் சந்தில் தூக்க முடியவில்லை. தூக்கினாலும் மறைப்புச் சுவரில் திருப்ப முடியவில்லை. நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டி, மூட்டையைப்போல வெளியே கொண்டு போனார்களாம். அடுத்த சாவுக்கு இவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். நம் பக்கத்தில் அடைப்பு நட்சத்திரத்தில் ஒருவர் இறந்தால் வாசல் வழியாக எடுக்கக் கூடாது, சுவரை இடித்துத்தான் எடுக்க வேண்டும் என்று வழக்கம் உண்டு அல்லவா? பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு நகரசபை சூப்பிரண்டிடம் போய், இவர் செத்த நட்சத்திரம் சரியில்லை, சுவரை இடிக்காவிட்டால் ஊருக்கே ஆகாது என்றார்கள். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, பயப்படத் தெரியும். பதினாறாம் நாள் மறுபடி கட்டிவிட வேண்டும் என்று சொல்லி அனுமதி கொடுத்தார். இடித்தார்கள். பதினாறாம் நாள் அந்த இடத்தில் செங்கல் ஏறவில்லை, நிலைக்கதவு ஏறியது.

இருபத்தேழு நட்சத்திரத்தில் பாதிக்குத்தான் அடைப்பு. ஆனால் இந்தக் காலனியில் மட்டும் எல்லோரும் தவறாமல் அந்தப் பாதியிலேயே இறந்திருக்கிறார்கள். சூப்பிரண்டுகள் மாறினார்கள், ராஜா போனார், நகரசபை போய் மாநகராட்சி வந்தது, வீடுகளுக்குப் பட்டாவும் கிடைத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் விழுந்த முதல் சாவு ஒரு வாசலை வைத்துவிட்டுப் போனது.

"இருபத்தோரு வீட்டுக்கு ஆச்சு மைனி" என்றாள் பேச்சி. "எங்க வீட்டுலதான் ஆரும் வீட்டுல வச்சுச் சாகல." விருந்தாளிக்குச் சர்க்கரை இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள். அவளுடைய மாமனார் மாமியார் கடைசிக் காலத்தில் ஊர் திரும்பி அங்கே இறந்தார்கள். புருஷன் எறணாகுளம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். சந்து வழியாகக் கொண்டுவந்து கொண்டுபோக முடியாது என்று, சாலையில் வண்டியைச் சற்று நிறுத்திவிட்டு அப்படியே சுடுகாட்டுக்கு எடுத்துவிட்டார்கள்.

இப்போது பிரச்சினை இதுதான். யூதர் தெருவான ஜூ டவுனுக்கு வருகிற சுற்றுலாக்காரர்கள் நடந்து போவதற்கு இந்த இரண்டு சாலைகளையும் அழகுபடுத்துகிறார்கள். நீளச் சுவர்களுக்கு வெள்ளையடித்துப் படம் எழுதப்போகிறார்கள். கதவு இருந்தால் படம் அறுந்துபோகும். பழைய கோப்பைத் தோண்டியதில் எல்லாமே "தற்காலிகத் திறப்பு" என்று இருந்ததாம். அடைத்துவிடுங்கள் என்று நோட்டீஸ். இடித்து அகற்ற வேண்டியதை மஞ்சளில் காட்டுவது எங்கள் தொழில் மரபு. கதவுகளை மஞ்சளில் காட்டிப் படம் கொடுங்கள் என்று அதில் ஒரு வரி வேறு.

செவ்வாய்க்கிழமை டேப்பைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். காலையில் பேச்சியைப் பார்த்தேன். வீட்டில் அவித்த இட்லிக் கொப்பரையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சந்து வழியாக, மறைப்புச் சுவரில் ஒருக்களித்துத் திரும்பி, கேட்டுக்கு வெளியே வந்து, காலனியைச் சுற்றிக்கொண்டு சாலைக்கு வந்து, தையல் மிஷின்காரர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். அடுப்பிலிருந்து அந்த ஸ்டூல் நேர்கோட்டில் பதினாறடி. அவள் நடந்தது நூற்றுச் சொச்சம் அடி. சாம்பாருக்கு ஒரு தடவை, சட்னிக்கு ஒரு தடவை. கிடங்குகளில் மூட்டை தூக்கும் சேட்டன்மார் வரிசையாக வந்து, சாம்பாரில் இட்லியை முக்கிப் பிசைந்து தின்றார்கள். பாளையங்கோட்டையில் இட்லியை அப்படிச் செய்தால் சண்டைக்கு வருவோம். பேச்சிக்குக் கவலை இல்லை, சட்டி காலியானால் சரி.

அளக்கப் போன வீடுகளில் எல்லாம் வாசலைத்தான் முதலில் காட்டினார்கள். இது எங்கப்பா வாசல், இது சின்னம்மை வாசல், இது அண்ணன் வாசல் என்று ஆள் பெயர் சொல்லி. ஒரு வீட்டில் சாயா, அடுத்த வீட்டில் பழம்பொரி, அதற்கடுத்த வீட்டில் மறுபடி சாயா. "மதி, மதி" என்று, போதும் என்பதற்கு நான் கற்றுக்கொண்ட முதல் மலையாளச் சொல்லைச் சொல்லித் தப்பித்தேன். பேச்சி வீட்டை அளக்கவில்லை. தங்கியிருக்கிற வீடுதானே, எப்போது வேண்டுமானாலும் அளக்கலாம் என்று இருந்துவிட்டேன்.

புதன்கிழமை மழை. மடிக்கணினியில் வரைய உட்கார்ந்தேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன்: ஒரு வீட்டை வரைந்து, அதைப் பெருக்கிப் பெருக்கி இருபத்திரண்டாக்கினேன். கதவுகளைக் கறுப்பில் வரைந்தேன். இருப்பதைக் கறுப்பில் காட்டுவதுதான் முறை. இருக்கிற கதவை இடிக்கப்போகும் கதவாக என் கையால் காட்ட மாட்டேன் என்று வேலாயுதனிடம் சொன்னேன். ஆபீசில் கோபப்படுவார்களே என்றார். படட்டும் என்றேன். அன்றைக்கு என் மேல் எனக்கே கொஞ்சம் மதிப்பு கூடியிருந்தது.

வியாழக்கிழமை விசாரணைக்குக் காலனியே கிளம்பி வந்தது. அதிகாரி சின்ன வயசுக்காரர், உதவிப் பொறியாளர். மலையாளத்தில் மரியாதையாகப் பேசினார், வேலாயுதன் எனக்குத் தமிழில் சொன்னார். கோப்பில் ஒரு பட்டியல் இருந்தது. வீட்டு எண், இறந்தவர் பெயர், நட்சத்திரம் என்று மூன்று கட்டம். "ஏழாம் எண், சுடலைமுத்து, சதயம்" என்று படித்தார். பின்னாலிருந்து அந்த வீட்டுக்காரர் எழுந்து, "உண்டு சாரே" என்றார். "பன்னிரண்டு, மாடத்தி, ரேவதி." ஒரு பெண் எழுந்து, "உண்டு" என்றாள். நாலு பெயர் படித்ததும் அவர் கோப்பை மூடிவிட்டார்.

என் தாளை விரித்தார். "கதவு ஏன் கறுப்பில் இருக்கிறது?" என்றார்.

"இருக்கிறதால" என்றேன்.

வேலாயுதன் அதை மொழிபெயர்க்கத் தயங்கினார். பேச்சி தயங்கவில்லை. அதிகாரி வெகுநேரம் தாளைப் பார்த்தார். ஒவ்வொரு கதவாக விரல் வைத்து எண்ணினார். பிறகு சொன்னார்: "சனிக்கிழமை காலை இந்தத் தாளோடு வருகிறேன். தாளில் உள்ளது தரையில் அப்படியே இருந்தால், இவை தற்காலிகத் திறப்பு அல்ல, நிலையான வாசல்கள் என்று எழுதி மேலே அனுப்புவேன். ஒரு கதவு கூடினாலும் குறைந்தாலும் பொய்ப்படம் என்று எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை."

ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். பிரியாணிக் கடையில் நானும் பேச்சியும் மட்டும் உட்கார்ந்தோம். இந்த ஊர் பிரியாணியில் முந்திரியும் திராட்சையும் போடுகிறார்கள், பாயசத்துக்கு எடுத்து வைத்தது தவறி விழுந்ததுபோல. நான் ஒதுக்கியதை எல்லாம் அவள் எடுத்துத் தின்றாள். கை கழுவி வந்து என்னிடமிருந்த நகலை விரித்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்து அரைகுறை, மலையாளம்தான் சரளம். ஆனால் வீட்டைக் கண்டுபிடிக்க எழுத்து வேண்டாமே. கேட்டிலிருந்து மூன்றாவது கட்டத்தில் விரலை வைத்தாள்.

"எங்க வீட்டுக்கும் வாசல் வரச்சிருக்கீங்க மைனி" என்றாள்.

நகலை என் பக்கம் இழுத்துப் பார்த்தேன். பெருக்கிப் பெருக்கி இருபத்திரண்டாக்கியதில், இல்லாத கதவு ஒன்றும் கூடவே பெருகியிருந்தது. மூலப்படத்தை வரைந்தவன் எல்லாக் குடும்பத்தையும் ஒரே கட்டமாகப் பெருக்கி வரைந்ததற்குத்தான் மூன்று நாளாக அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். நானும் அதையேதான் செய்திருக்கிறேன். அளக்காமல் விட்ட ஒரே வீடு, நான் படுத்துத் தூங்கிய வீடு.

"எப்போ பார்த்த?"

"ஆபீசுலயே. அந்த சார் எண்ணும்போது."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா ஆபீசுலயே எழுதியிருப்பாரு, பொய்ப்படம்னு."

இப்போதே போய்த் தாளைத் திருத்திக் கொடுத்துவிடுகிறேன் என்று எழுந்தேன். அவமானம்தான், ஆனாலும் இருபத்தோரு குடும்பம் என் கவனக்குறைவால் வாசலை இழக்கக் கூடாது. பேச்சி என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "திருத்தினா மட்டும் விடுவாங்களா? ஒண்ணு தப்புன்னா எல்லாம் தப்புன்னுதான் எழுதுவாங்க. அதவிட சுவத்த இடிக்கலாம்" என்றாள்.

சங்க அறையில் அன்று சாயங்காலம் பெரிய வாக்குவாதம். எனக்கு ஒரு திட்டும் விழவில்லை, அதுவே கஷ்டமாக இருந்தது. வேலாயுதன்தான் முதலில் தடுத்தார். "சாவு இல்லாம முதுகுச் சுவத்த இடிச்சா, பின்னாலயே சாவு வரும் பேச்சி. நம்ம ஆளுங்க யாரும் அத செஞ்சதில்ல. உனக்கு ஒரு மக இருக்கா, கேட்டோ" என்றார். அவர் பயமுறுத்தவில்லை, உண்மையாகவே பயந்தார். அதிகாரியை ஏமாற்றக் கிளப்பிய நட்சத்திரக் கதையை இத்தனை வருடத்தில் இவர்களே முழுசாக நம்ப ஆரம்பித்திருந்தார்கள். நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

பேச்சி எழுந்து நின்றாள். பெரிய குரல் இல்லை. "அந்த வீட்டுக்குச் சாவு முன்னமே வந்தாச்சு அண்ணே. அவர வீட்டுக்குள்ள ஒரு நிமிஷம் கெடத்தக்கூட முடியல. ரோட்டுல ஆம்புலன்ஸ் நின்னுச்சு, நான் சுவத்துக்கு இந்தப் பக்கம் நின்னேன். சந்து சுத்தி நான் ஓடிப்போயிச் சேருறதுக்குள்ள வண்டிய எடுத்துட்டாங்க. இனி ஒரு வாசலுக்கு வேண்டி நானும் சாகணுமா? நான் சாக மாட்டேன். நாளைக்கு இடிக்கேன்."

வெள்ளிக்கிழமை காலை இட்லி வியாபாரம் முடிந்ததும் சாலைப் பக்கம் நின்று சுவரில் சாக்பீஸால் கோடு போட்டேன். அகலம் மூன்றடி, உயரம் ஆறரை. அளந்துதான் போட்டேன், மூன்று தடவை. முதல் கடப்பாரை அடி பேச்சியுடையது. வெட்டுக்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, லேசில் அசையவில்லை. இட்லி தின்ற சேட்டன்மார் இருவர் மூட்டையை இறக்கிவிட்டு வந்து கைகொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் வேலாயுதன் வந்தார், கையில் இரும்புக் கம்பிகளோடு. "மேல தாங்கு கொடுக்காம இடிச்சா தலையில விழும்" என்று எங்களைக் கடிந்துகொண்டு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார். பயம் போயிற்றா என்று நான் கேட்கவில்லை. விபூதி மட்டும் வழக்கத்தைவிட அதிகமாகப் பூசியிருந்தார்.

கதவுக்கு எங்கே போவது என்று யோசித்தபோது, சேட்டன்மாரில் ஒருவர் ஜூ டவுனுக்குப் போய் ஒன்றைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார். பழம்பொருள் கடையில் நிலை விரிந்து விற்காமல் கிடந்ததாம். தாமரை, கிளி, யானை என்று செதுக்கித் தள்ளியிருந்த கதவு. எங்கள் பக்கத்து ஏதோ பெரிய வீட்டில் கழற்றி இங்கே விற்றிருப்பார்கள். பன்னிரண்டடி அகல வீட்டுக்கு அதை மாட்டியதும், ஒண்டிக்குடித்தனத்தில் ஜமீன்தார் குடியேறியதுபோல இருந்தது. பேச்சியின் மகள் கல்லூரியிலிருந்து சாயங்காலம் வந்து, சாலையில் நின்றபடி வெகுநேரம் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போனாள். உள்ளே அவள் விளக்கை அணைத்தது தெரிந்தது, வெளிச்சம் போதுமானதாக இருந்தது.

சனிக்கிழமை அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். கையில் என் தாள், கக்கத்தில் கோப்பு. இரண்டு சாலையும் நடந்து ஒவ்வொரு கதவுக்கும் ஒரு டிக் போட்டார். கடைசியாக மூன்றாம் எண்ணுக்கு வந்ததும் நின்றார். சாந்து ஈரம் காயவில்லை. விரலால் தொட்டுப் பார்த்தார், விரலில் ஒட்டியது. கீழே வெட்டுக்கல் தூள் செம்மண்ணாகக் கிடந்தது. யானையையும் கிளியையும் பார்த்தார். என் தொழில் அன்றோடு போயிற்று என்று நின்றேன். வேலாயுதன் வானத்தைப் பார்த்தார்.

அதிகாரி தாளில் இருபத்திரண்டாவது டிக்கைப் போட்டார். வியாழக்கிழமையே அவருக்குத் தெரிந்திருந்ததா, எங்களுக்கு ஒரு நாள் கொடுத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு கோப்பைத் திறந்தார். மூன்றாம் எண்ணுக்கு நேரே கட்டங்கள் காலியாக இருந்தன.

"இந்த வீட்டில் இறந்தது யார்?" என்று கேட்டார்.

பேச்சி இட்லிக் கொப்பரையைப் புது வாசலில் ஸ்டூல் மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஆரும் மரிச்சில்ல சாரே" என்றாள். "ஞான் இவிடெ உண்டு."

அவர் ஏதோ எழுதினார். கோப்பை மூடாமல் பேச்சி பக்கம் திருப்பிக் காட்டினார், கையெழுத்துக்கு. எனக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டேன். பேச்சி இறந்தவர் பெயர் என்ற கட்டத்தில் விரலை வைத்து எழுத்துக் கூட்டாமல் நேராகப் படித்தாள்.

"பேச்சியம்மாள். உயிரோட இருக்கா."

கையெழுத்துப் போட்டுவிட்டு, சாம்பாரை எடுத்துவர உள்ளே போனாள். சாலையிலிருந்து அடுப்பு பதினாறடி.